படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்து

நகராட்சி நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் துண்டும் பையுமாக சனங்கள். டீச்சர் எனக்குப் பழக்கமானது அங்கேதான். பெரியவர்களுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பவள் என்பதால் எல்லோருக்கும் அவள் டீச்சர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அவளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அதனால் மரியாதையை ஓரமாக வைத்துவிட்டு அவள் என்றே சொல்கிறேன்.

குளத்துக் கூரைக்குக் கீழே எதைப் பேசினாலும் எதிரொலிக்கும். அதை மீறிக் கத்திக் கத்தியே அவளுக்குத் தொண்டை பெரிதாகிவிட்டது. ரகசியம் என்று காதோரம் வந்து சொன்னாலும் ஆழத்தில் மிதப்பவருக்குக் கேட்டுவிடும். அவளோடு வாழ்கிறவரோ அதற்கு நேர் எதிர். எங்கள் கட்டடத்து லிஃப்டைச் சரிபார்க்க வந்தவர். வந்தார், சரி செய்தார், போனார். மறு வாரம் லிஃப்ட் மறுபடி நின்றது. அதற்கடுத்த வாரமும் நின்றது.

"லிஃப்ட் கெடுதா, இல்ல நீங்க கெடுக்கறீங்களா?" என்று நானே கேட்டுவிட்டேன். மனிதருக்குக் காது சிவந்துபோயிற்று. டீச்சர் குளத்தின் மறுகரையிலிருந்து சிரித்தாள்.

அந்த வருஷமே இருவரும் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த சின்ன வீட்டில் சேர்ந்து குடியேறினார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டீச்சருக்கு முன்பு ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. அது நீடித்ததைவிட அதை அவிழ்க்கத்தான் அதிக வருஷம் பிடித்தது. கோர்ட்டில் யாரோ ஒருவர், ஃபிரிட்ஜை யார் வாங்கியது, கட்டில் யாருடையது என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டாராம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இனி எந்த ரிஜிஸ்டரிலும் தன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் வரக் கூடாதென்று.

லிஃப்ட்காரர் ஒரே ஒரு முறை கேட்டுப் பார்த்தார். அவள் காரணத்தைச் சொன்னாள்.  மறுநாள் அவர் வேலை முடிந்து வரும்போது இரண்டு பேர் செருப்பும் வைக்கிற மாதிரி ஒரு ஸ்டாண்டு வாங்கிவந்தார். "செருப்பாவது ஒண்ணா இருக்கட்டும்" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லி டீச்சர் மகிழ்ந்துபோவாள்.

வருஷங்கள் ஓடின. தலை நரைத்தது. ஒரு பூனை வந்தது. பேக்கரி மாடி வீட்டையே இருவரும் சேர்ந்து விலைக்கு வாங்கினார்கள். அவர் பெயரில் பத்திரம் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று யாரோ சொன்னதால், அப்போதைக்கு அவர் பெயரிலேயே பதிந்துவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் இரண்டாம் முறை யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தவர் காலை வகுப்புக்கு வரும் தாடிக்காரர். ஒரு மாதம் போல ஆளையே காணோம். திரும்பி வந்தபோது குளத்துக்குள் இறங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் பக்கத்தில் போய்க் கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தாள்.

"என்னோட இருந்தவ போயிட்டா, டீச்சர்" என்றார். "இருபது வருஷத்துக்கு மேல ஒண்ணா இருந்தோம். வீடு அவ பேர்ல. அவளோட அண்ணன் மகன் வந்து பூட்டை மாத்திட்டான். ஆஸ்பத்திரிலயும் என்னை உள்ள விடல. குடும்பத்து ஆளுங்க மட்டும்தானாம்."

"உயில் ஏதும் எழுதலையா?"

"எழுதணும் எழுதணும்னு பேசிட்டே இருந்தோம்."

அவரிடம் மிஞ்சியிருந்தது, அன்றைக்கு மாட்டிக்கொண்டு வந்த கோட்டும் நீச்சல் பையும்தான். அவரோடு வாழ்ந்தவளின் படங்கள், அவருடைய புத்தகங்கள், கிட்டார், எல்லாம் பூட்டுக்கு உள்ளே.   வகுப்பு முடிந்ததும் டீச்சர் நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்று, "உனக்கு நல்ல வக்கீல் யாரையாவது தெரியுமா?" என்றாள். கூடம் முழுக்கக் கேட்டது.

எனக்குத் தெரிந்த வக்கீலம்மா செருப்புக் கடைக்கு மேலே ஒரு அறையில் இருந்தார். சுவரோரம் கைக்குழந்தையின் தள்ளுவண்டி, மேஜையில் பாதி குடித்த காபி. டீச்சரும் லிஃப்ட்காரரும் சொன்ன கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க ஒண்ணா வாழறது உங்க தெருவுக்கே தெரியும். சட்டத்துக்குத் தெரியாது. நீங்களாத்தான் போய் உங்களை அறிமுகப்படுத்திக்கணும்."

என்னென்ன எழுத வேண்டும் என்று விளக்கினார். வீட்டை இருவர் பெயருக்கும் மாற்றி, ஒருவர் போனால் அது மற்றவருக்குத் தானாகப் போகும்படி பதிய வேண்டும். ஆளுக்கொரு உயில். ஒருவர் பேச முடியாத நிலையில் கிடந்தால் அவருக்காக வைத்தியத்தில் முடிவெடுக்க மற்றவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். பேங்க் வேலைகளுக்கும் அதே மாதிரி ஒன்று. கடைசியாக, எது யாருடையது, பிரிந்தால் என்ன செய்வது என்று ஓர் ஒப்பந்தம்.

"கல்யாணம் பண்ணியிருந்தீங்கன்னா ஒரே கையெழுத்தோட போயிருக்கும்" என்று வக்கீலம்மா சிரித்தார்.

"அந்தக் கையெழுத்தைப் படிச்சுப் பார்க்காமப் போட்டேன். இதெல்லாம் வரிவரியாப் படிச்சுட்டுப் போடுவேன்" என்றாள் டீச்சர்.

படித்தாள். உண்மையிலேயே வரிவரியாகப் படித்தாள். வக்கீலம்மாவே இரண்டு இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. எல்லாம் சுமுகமாகப் போனது, அந்தக் கடைசி ஒப்பந்தம் வரும்வரை. பிரிந்தால் என்ன செய்வது என்ற பக்கத்தைப் பார்த்ததும் லிஃப்ட்காரர் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

"பிரியறதுக்கா இவ்வளவு நாள் சேர்ந்திருந்தோம்?"

"எழுதி வெச்சா பிரிஞ்சுடுவோமா?"

"எழுதத் தோணுது இல்ல உனக்கு."

அந்த வாரம் முழுக்க வீட்டில் பூனையோடுதான் பேச்சு. அவர் பூனையிடம் சொல்வார், அவள் பூனையிடம் பதில் சொல்வாள். கடைசியில் ஒரு நாள் காலை அவர் டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது டீச்சர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. போன தடவை நான் மாட்டிக்கிட்ட வீட்டுக்குக் கதவே இல்ல. இந்த வீட்டுல கதவு இருக்கு, திறந்தா திறக்கும்னு தெரிஞ்சாத்தான் நான் உள்ள நிம்மதியா உட்காருவேன். நான் போறதுக்கில்ல. புரியுதா?"

அவர் டோஸ்டைத் தட்டில் வைத்தார்.  பிறகு, "பூனை யாருக்குன்னு எழுதியிருக்கே?" என்று கேட்டார்.

"உனக்குத்தான். அது என்னை மதிக்கிறதே இல்ல."

அதோடு சமாதானம். அன்று அந்த மேஜையிலேயே இன்னொரு கேள்வியையும் பேசி முடித்தார்கள். அதைக் கேட்க இருவருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. சுயநினைவில்லாமல் கிடந்தால் என்ன செய்யச் சொல்வது? லிஃப்ட்காரர் நிதானமாகச் சொன்னார்: "கை கால் போனாப் பரவால்ல. ஆளைத் தெரிஞ்சா போதும். அதுக்கு வாய்ப்பு இருக்கிறவரைக்கும் எதை வேணும்னாலும் பண்ணச் சொல்லு. அதுக்கப்புறம் மெஷின்ல போட்டு வெக்காதே." அவளும் தன் பங்குக்குச் சொன்னாள். எல்லாவற்றையும் வக்கீலம்மா பத்திரத்தில் சேர்த்தார்.

கையெழுத்துப் போடும் நாளில் சாட்சியாக நானும், குளத்துப் பம்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சியும் போனோம். அண்ணாச்சி சட்டைக்குப் புதுப் பட்டன் தைத்துக்கொண்டு வந்திருந்தார்.

வக்கீலம்மா ஒன்று சொல்லியிருந்தார்: குடும்பத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு கிளம்புகிற சண்டையில் பாதி குறையும். லிஃப்ட்காரருக்கு ஒரே ஒரு அக்கா. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, வேறு ஊரில் தனியாக இருந்தார். அக்காவின் ஒரே மகன் அதைவிடத் தூரத்தில். அந்த அக்காவுக்கு டீச்சரைக் கண்டால் ஆகாது. ஐம்பதைத் தொடப்போகிறவளை இன்னமும் 'அந்தப் பொண்ணு' என்றுதான் சொல்வார். தம்பி போனில் விஷயத்தைச் சொன்னதும், "உனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லையா? முடிவெடுக்க வெளியாள்தான் வேணுமா?" என்று பொரிந்தார். டீச்சர் போனை வாங்கினாள்.

"அக்கா, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"அக்கான்னு கூப்பிடாதே. நான் உனக்கு அக்கா இல்ல. நாத்தனாரும் இல்ல, அதுக்குக் கல்யாணம்னு ஒண்ணு நடந்திருக்கணும்."

"அப்ப என்னன்னுதான் கூப்பிடறது?"

"கூப்பிடவே வேணாம்." வைத்துவிட்டார்.

இரண்டு வருஷம் பத்திரங்கள் அலமாரியில் தூங்கின. வக்கீலம்மா சொன்னபடி ஒரு நகல் அவரிடமும், படம் பிடித்தது ஒன்று இவர்கள் போனிலும் இருந்தன. ஒரு நாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது என் மேஜைப் போன் அடித்தது. லிஃப்ட் கம்பெனியிலிருந்து. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடும் பள்ளத்துக்குள் ஏணி சறுக்கி அவர் விழுந்துவிட்டார், தலையில் அடி, நினைவில்லை.

குளத்தோரம் ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் தண்ணீரில் இருந்தவர்களை விட்டு அவள் வரவில்லை. "எல்லாரும் வெளிய! கம்பியைப் பிடிச்சு, ஒவ்வொருத்தரா!" கடைசி ஆள் படியேறி நின்ற பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். நீச்சல் உடைக்கு மேலே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு என்னுடன் டாக்ஸியில் ஏறினாள். வழியிலேயே வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள், அடுத்து அந்த அக்காவுக்கு. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்: "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அவரோட துணை."

"மனைவிங்களா?"

"இல்ல."

"அப்ப ரத்த சொந்தம் யாராவது வந்தாத்தான்..."

டீச்சர் போனை நீட்டினாள். "அவரால பேச முடியாதப்ப அவருக்காகப் பேசற உரிமை எனக்கு இருக்கு. அவரே எழுதிக் குடுத்தது. தாள்ல இருக்கற நகல் வக்கீல்கிட்டேருந்து வந்துட்டிருக்கு."

அந்தப் பெண் படித்தாள். உள்ளே போய் மேற்பார்வையாளரைக் கூட்டி வந்தாள். அவரும் படித்தார். கடைசி வரிவரை போய்விட்டு, "வாங்கம்மா" என்று தானே கதவைத் தள்ளித் திறந்தார். தாடிக்காரருக்குத் திறக்காத கதவு எது என்று எனக்கு அப்போதுதான் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. டீச்சர் அதற்குள் போனாள். நான் வெளியே நின்று அழுதேன்.

மூளைக்குள் ரத்தம் கசிகிறது, உடனே திறந்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். பேச்சு பாதிக்கலாம், இடது கை பாதிக்கலாம். அதற்குள் அக்காவிடமிருந்து போன்: "நான் வர்றவரைக்கும் யாரும் அவன்மேல கை வைக்கக் கூடாது. எங்க ஊருல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, வண்டி ஏற்பாடு பண்றேன்."

டீச்சர் டாக்டரிடம் கேட்டாள்: "வண்டில கொண்டுபோனா?"

"வழியிலயே ஏதாவது ஆகலாம்."

"பண்ணலைன்னா?"

"நாளைக்கு இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது."

"பண்ணினா, ஆளைத் தெரிஞ்சுக்குவாரா?"

"நல்ல வாய்ப்பு இருக்கு."

அவ்வளவுதான். அவள் யோசிக்க வேண்டியதை எல்லாம் லிஃப்ட்காரர் அன்றைக்கே டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டே யோசித்து வைத்திருந்தார். சம்மதத் தாளை நீட்டினார்கள். "அவசரம்மா" என்றார் நர்ஸ். "தெரியும்மா" என்று சொல்லிக்கொண்டே கண்ணை ஓட்டி முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.  

மத்தியானம் அக்கா வந்து சேர்ந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், "யாரைக் கேட்டு அறுத்தீங்க?" என்று தாழ்வாரமே அதிரக் கேட்டார். மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "அம்மா, சட்டப்படி முடிவு இவங்களோடது. உங்களுக்கு விவரம் சொல்லலாமான்னுகூட இவங்கதான் சொல்லணும்."

அந்தம்மா முகத்தில் அப்படியொரு பயம் வந்ததை நான் பார்த்தேன். காலமெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைத்தவர், ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருமில்லாத ஆள் போல நின்றார். டீச்சர் நினைத்திருந்தால் பழைய கணக்கையெல்லாம் அங்கேயே தீர்த்திருக்கலாம். அவள் பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உட்காருங்க. எல்லாத்தையும் இவங்களுக்கும் சொல்லுங்க, சார். டாக்டர் வந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்டுக்கறோம்."

பின்னாளில் என்னிடம் சொன்னாள்: "முடிவு என் கையில இருந்துச்சு. அதனால சண்டை போட வேண்டிய அவசியமே வரல. இல்லன்னா நானும் கத்தியிருப்பேன்."

அந்த நாட்களில் அவர்கள் இருவரும் மாறி மாறிக் கட்டிலருகே இருந்தார்கள். முதலில் பேச்சு, போர்வை, மருந்து, டாக்டர் என்ற அளவில்தான். பிறகு அக்கா, தம்பி சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப்போட்டு அடி வாங்கிய கதையைச் சொன்னார். டீச்சர் எங்கள் லிஃப்ட் வாராவாரம் கெட்டுப்போன கதையைச் சொன்னாள். தலைமை ஆசிரியை சிரித்தார். எனக்கு நம்ப முடியவில்லை.

அவர் கண் திறந்த காலையில் இருவருமே பக்கத்தில் இருந்தார்கள். அக்காவைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு அசைந்தது. இருவரும் குனிந்தார்கள்.

"மெயின் சுவிட்சு... ஆஃப் பண்ணாங்களா? வேற யாராவது... விழுந்துடப் போறாங்க."

டீச்சர் போட்ட கூச்சலில் பக்கத்து வார்டிலிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். ஆள் தெரிகிறது! வேலைகூட ஞாபகம் இருக்கிறது! அக்கா டீச்சர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவர் தேறி வர மாதங்கள் ஆயின. பேச்சு மெதுவாகத் திரும்பியது. இடது கை அதைவிட மெதுவாக. அதுவரை பேங்க் வேலை, இன்சூரன்ஸ், கம்பெனியோடு பேச்சு, எல்லாவற்றையும் டீச்சரே அந்தப் பத்திரங்களை வைத்துக்கொண்டு முடித்தாள். எந்த மேஜையிலும் யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அக்கா தினமும் ஒரு முறை போன் செய்வார். தம்பியிடம் இரண்டு நிமிஷம், மிச்ச நேரமெல்லாம் இவளிடம். இன்று லிஃப்ட்காரர் பள்ளத்துக்குள் இறங்குவதில்லை. புதிதாகப் பொருத்தும் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற வேலை. அவர் சரி என்று சொன்னால்தான் அதில் ஆள் ஏற முடியும். டீச்சருக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

டீச்சர் அதோடு விடவில்லை. மாதம் ஒரு முறை வகுப்பு முடிந்ததும் வக்கீலம்மாவைக் குளத்துக்கே அழைத்துவிடுவாள். பெஞ்சுகளில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஈரத்தலையோடு உட்கார்ந்து சனங்கள் கேள்வி கேட்பார்கள். ஒரே வீட்டில் வாழும் வயதான தோழிகள் இருவர், சேர்ந்து செடி வளர்த்து விற்கும் இரண்டு ஆண்கள், கல்யாணத்தை ஒத்திப்போட்டுக்கொண்டே வரும் ஒரு டிரைவரும் அவர் காதலியும். ஏற்பாடெல்லாம் தாடிக்காரர்தான். வக்கீலம்மா போட்ட ஒரு வழக்கில் அவருடைய புத்தகங்களும் அவரோடு வாழ்ந்தவளின் படங்களும் கிட்டாரும் திரும்பி வந்துவிட்டன. வீடு வரவில்லை. "பாட்டு வந்துடுச்சுல்ல" என்பார்.

போன மாதம் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து இறங்கினார். "அந்த வக்கீல்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார். சாட்சிக்கு மறுபடியும் நானும் அண்ணாச்சியும்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, முடிவெடுக்கற ஆளா இவளை எழுதுங்க" என்று அவர் சொன்னபோது டீச்சர் தன்னைத்தான் சொல்கிறார் என்று புரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"உங்க மகன் இருக்காரே?" என்றார் வக்கீலம்மா.

"அவன்கிட்ட பேசிட்டேன். அப்பாடான்னான். என்னை அந்த நிலைமைல பார்த்தா அவன் உடைஞ்சு போயிடுவான்." டீச்சர் பக்கம் திரும்பினார். "நீயும் அன்னிக்குப் பயந்துதான் போயிருந்தே. நான் பார்த்தேன். ஆனா செய்ய வேண்டியதைச் செஞ்சே. எனக்கு அப்படி ஒரு ஆள் வேணும். மாட்டேன்னு சொல்லாதே."

 டீச்சர் சரி என்று தலையை ஆட்டினாள். பக்கத்தில் இருந்த லிஃப்ட்காரர் நல்ல கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

வக்கீலம்மா பேனாவை எடுத்தார். "இவங்க போன் நம்பர் வேணுமே."

டீச்சர் பைக்குள் கையை விட்டுப் போனைத் துழாவினாள். அவள் எடுப்பதற்குள் அக்கா, ஒரு இலக்கம் தவறாமல், கடகடவென்று ஒப்பித்து முடித்துவிட்டார்.